கான்டெஸாவுக்கு ஆள் பார்த்த கதை

"அம்மா, வண்டிய வெச்சுக்கறதுங்களா, குடுத்தர்றதுங்களா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அதும்படி செஞ்சர்றேன்."

சென்னியப்பன் இப்படிக் கேட்டுவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

மடத்தம்மா முறத்தில் தட்டைப்பயறைக் கொட்டிச் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

கொல்லிமலை அடிவாரத்தில் ஓர் ஓட்டு வீடு. பெயர்ப்பலகை கிடையாது, உண்டியல் கிடையாது. ஊர்க்காரர்கள் அதை மடம் என்றார்கள். காவி கட்டி அங்கே இருந்ததால் அவர் மடத்தம்மா. சென்னியப்பனின் மூத்த மகளைவிட வயதில் சின்னவர்.

ஆனாலும் நாமக்கல்லில் யாருக்கும் வளையாத சென்னியப்பனின் முதுகு இங்கே வந்தால் தானாக வளைந்துவிடும். ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

"அங்க போனாத்தான் நான் சொல்ற பொய் என் காதுலயே விழுகுது."

மடத்தம்மா கேட்டார்: "எந்த வண்டிங்க?"

"கான்டெஸாதானுங்க. நமக்கு வேற எந்த வண்டி?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சென்னியப்பன் லாரிக்காரர். டிரைவராக ஆரம்பித்து முதலாளி ஆனவர். வாசலில் வரிசையாக லாரிகள் நின்ற காலம் உண்டு. வயசானதும் ஒவ்வொன்றாக விற்றார். ஒரு லாரி கைமாறிப் போகும்போது கையிலிருந்த டீ கிளாஸைக்கூட அவர் கீழே வைத்ததில்லை. "இரும்புதானே" என்பார்.

கான்டெஸா மட்டும் இரும்பில்லை. வாலிபத்தில் அவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது சேலம் ரோட்டில் ஒரு கான்டெஸா கார் அவரை முந்திப் போனது. மனசும் கூடவே போய்விட்டது. பல வருஷம் கழித்து வெண்ணெய் நிறத்தில் ஒன்றை வாங்கி வீட்டுக்குள் நிறுத்திய பிறகுதான் திரும்பி வந்தது.

அந்த வண்டிக்கும் இப்போது வயசாகிவிட்டது.

"எதுக்குங்க விக்கோணும்?"

"ஓட்டுனா தேயுதுங்க. நிறுத்துனா துரு ஏறுது. சாமான் கெடைக்கறதில்லை. ஒரு கண்ணாடி ரப்பருக்கு டெல்லி வரைக்கும் ஆள் விட்டுத் தேடறேன். எனக்கப்புறம் பசங்க இதைக் காயலான் கடையில போட்டுருவாங்க."

"அப்ப வித்துருங்க."

"எப்படிங்கம்மா விக்கறது?"

"அப்ப வெச்சுக்குங்க."

"வெச்சு என்னங்கம்மா பண்றது?"

மடத்தம்மா ஒரு சொத்தைப் பயறை எடுத்து வாசலில் எறிந்தார். ஒரு கோழி ஓடி வந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போய்விட்டது.

"கேட்டு யாரும் வரலீங்களா?"

"வராம என்னங்க? மூணு வருசமா வந்துக்கிட்டுத்தான் இருக்கறாங்க."

வாசற்படிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள் அவர் மனைவி பாவாயி. தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"வந்தவங்களையெல்லாம் வெரட்டி உட்டதையும் சொல்லுங்க."

சென்னியப்பன் சொன்னார். மறைக்கிற ஆள் இல்லை அவர். சொன்னால் எல்லோரும் தன் பக்கம்தான் சாய்வார்கள் என்று நம்புகிற ஆள்.

திருப்பூரிலிருந்து ஒருவன் வந்தான். பேச்சுவாக்கில் பானெட் மேல் சாய்ந்தான். இடுப்பில் பெல்ட்டு பக்கிள். அதோடு சரி.

இன்னொருவன் வந்ததும் வராததுமாக மைலேஜ் எவ்வளவு என்றான். மைலேஜ் கேட்கிறவனுக்குக் கான்டெஸா எதற்கு?

ஒருத்தர் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவேன் என்றார். டேப் போட்டுப் பூ ஒட்டுவார்களாம். சென்னியப்பனுக்கு நெஞ்சு வலியே வந்துவிட்டது.

ஒரு டாக்டர் வந்தார். நல்ல மனுஷன். வண்டியைப் பற்றி எல்லாம் தெரிந்தவர். ஆனால் அவர் வீட்டில் இரண்டு நாய்.

"நாய் என்னங்க பண்ணுச்சு?" என்றார் மடத்தம்மா.

"பண்ணலீங்க. பண்ணிப்போட்டா? காலைத் தூக்கிக் கதவு மேல வெச்சுதுன்னா?"

பாவாயி தைலப் புட்டியை மூடினாள். "பெரியவளைக் கட்டிக் குடுக்கறப்ப, மாப்பிளைக்கு என்ன வேலை, குடிப்பாரான்னு ரெண்டே கேள்வி கேட்டாருங்கம்மா. வண்டிக்கு நாயெல்லாம் வெசாரிக்கறாரு."

சென்னியப்பன் அதைக் காதில் வாங்காதவர்போல இருந்தார். அந்த வித்தை அவருக்கு நன்றாகக் கைவந்தது.

"இப்ப என்ன ஆச்சு?" என்றார் மடத்தம்மா.

"வர்ற வெள்ளிக்கிழமை கரூர்ல இருந்து ஒருத்தர் வர்றாருங்க. போன்லயே எல்லாம் கேட்டுட்டேன். எங்க நிறுத்துவீங்க, யாரு ஓட்டுவாங்க, வாரத்துல எத்தனை நாள் ஓடும், வீட்டுல யாரு யாரு ஏறுவாங்க. எல்லாத்துக்கும் சரியாச் சொல்றாருங்க. ஒரு தப்புகூடக் கண்டுபுடிக்க முடியலை."

"நல்லதுதானுங்களே?"

"தூக்கமே இல்லீங்கம்மா. தப்பில்லாத ஆளு வந்தா என்னங்க பண்றது?"

பயம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. இத்தனை நாள் மதில்மேல் பூனையாக இருந்தவருக்கு வெள்ளிக்கிழமையோடு மதில் முடிந்துவிடும். குடுத்தால் வண்டி போய்விடும். குடுக்காவிட்டால், இனி குடுக்கவே மாட்டேன் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும்.

"இன்னைக்கு எதுல வந்தீங்க?" என்றார் மடத்தம்மா.

"பஸ்லங்க."

"ஏன், வண்டியில வரலீங்களா?"

"மலையடிவாரத்து ரோடுங்க. கல்லு தெறிச்சு அடியில படும். அதான் பஸ்ஸு இருக்குதுங்களே."

பஸ் இருந்தது உண்மைதான். படிதான் உயரம். பாவாயியின் வலது முழங்கால் அந்த உயரத்துக்கு மடங்குவதை விட்டு வெகு நாளாகிவிட்டது. கண்டக்டர் மேலிருந்து கையைப் பிடித்து இழுக்க, பின்னால் நின்ற பூக்காரி இடுப்பில் முட்டுக்கொடுக்க, எப்படியோ ஏறினாள். சென்னியப்பன் அதற்குள் ஏறி இடம் போட்டிருந்தார். மனைவிக்கு ஜன்னலோர சீட்டு. அந்த அளவுக்கு அவர் அக்கறை உள்ளவர்தான்.

மடத்தம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"வண்டிய எனக்குக் குடுங்க."

சென்னியப்பன் சிரித்தார். மடத்தம்மா சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

"உங்களுக்குங்களா?"

"ஆமா. கேளுங்க உங்க கேள்வியெல்லாம்."

சென்னியப்பன் துண்டை இறுக்கிப் பிடித்தார். இந்த அம்மாவுக்காக உசிரையே குடுப்பேன் என்று பல பேரிடம் சொல்லியிருந்தார். உசிரைக் கேட்டிருந்தால் தேவலை.

"எங்கங்கம்மா நிறுத்துவீங்க?"

"அந்த நாவ மரத்தடியில."

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். ஆடி மாசம். மரத்தடி முழுக்க நாவல் பழம் விழுந்து நசுங்கி ஊதாவாகக் கிடந்தது. வெண்ணெய் நிறத்தின் மேல் அந்த ஊதாவை நினைத்துப் பார்த்தார்.

"யாரு... ஓட்டுவாங்க?"

"நாந்தான். காவி கட்டறதுக்கு முந்தி எடுத்த லைசென்சு இருக்குது."

"வாரத்துல எத்தனை நாளுங்க ஓடும்?"

"தெனமும் ஓடும். சந்தைக்குப் போகோணும். மூட்டை ஏத்தோணும்."

"டிக்கியிலங்களா?"

"டிக்கி நெறஞ்சா பின் சீட்டுல."

அவருக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. "யாரு யாருங்க ஏறுவாங்க?"

"ஆருக்கு நடக்க முடியலையோ அவங்க."

சென்னியப்பன் நாவல் மரத்தடியை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு கை கூப்பினார்.

"அம்மா, மன்னிச்சுக்கோணும். உங்களுக்குக் குடுக்கறதுக்கில்லீங்க."

"சரி," என்றார் மடத்தம்மா. கோபப்படவில்லை. முறத்தை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். பயறு ஒரு பக்கம் கூடியது.

"இன்னொருத்தர் இருக்கறாரு. கேட்டுப் பாக்கறீங்களா?"

சென்னியப்பனுக்குத் தப்பித்த நிம்மதி. "ஆருங்கம்மா?"

"உங்க ஊருதான். வண்டின்னா உசுரு. அவருக்குப் பதிலா நான் சொல்றேன். ஆளை எனக்கு நல்லாத் தெரியும்."

"கேக்கறேனுங்க. எங்க நிறுத்துவாரு?"

"அதுக்குன்னே செட்டு போட்டிருக்கறாரு. சிமிட்டித் தரை. மேல துணி உறை."

சென்னியப்பனின் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க. கழுவறது?"

"சொந்தக் கையில. பழைய வேட்டியில தொடைப்பாரு. வேற துணி ஆகாது."

"நம்ம ஆளுங்க." அவர் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "ஓட்டறது?"

"அவரேதான். வேற ஆரும் ஸ்டேரிங்கைத் தொட முடியாது."

"அதுதானுங்க சரி. வாரத்துல எத்தனை நாள் ஓடும்?"

"ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட் பண்ணுவாரு. கேட்டு வரைக்கும் வரும். அப்படியே ரிவர்ஸ்ல போயி நின்னுக்கும்."

சென்னியப்பன் தலையாட்டப் போனவர் பாதியில் நிறுத்தினார்.

"கேட்டு வரைக்குமுங்களா?"

"வெயில் காலத்துல வெளிய எடுத்தா பெயிண்ட்டு மங்கிரும். மழைன்னா சேறு. ஆடி வந்தாக் காத்துல மண்ணு அடிக்கும்."

பாவாயி தைலம் தேய்த்த கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினாள்.

முன்னால் நகர்ந்திருந்த சென்னியப்பன் பழையபடி பின்னால் போய் உட்கார்ந்தார்.

"இன்னொரு கேள்வி இருக்குதுங்களே," என்றார் மடத்தம்மா.

"போதுமுங்க."

"எல்லாரையும் கேட்டீங்க. இவரையும் கேட்டுருங்க. இல்லீன்னா ஞாயமாகாது."

சென்னியப்பன் பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்தார். குடிக்காமலே கீழே வைத்தார்.

"ஊட்டுல... யாரு ஏறுவாங்க?"

"ஏறமாட்டாங்க. அதான் பஸ்ஸு இருக்குதுங்களே."

அவர்கள் வந்த பஸ் நாமக்கல்லுக்குத் திரும்பக் கிளம்புவதற்காக ஹாரன் அடிப்பது தூரத்தில் கேட்டது.

"குடுக்கலாமுங்களா?" என்றார் மடத்தம்மா.

"இந்த ஆளுக்குங்களா?"

"ஆமா."

"வேண்டாமுங்கம்மா."

"ஏனுங்க? செட்டு இருக்குது. உறை இருக்குது. நாய்கூட இல்லை."

"இந்த ஆளுகிட்டக் குடுத்தா வீணாப் போயிருமுங்க."

"வண்டியா?"

சென்னியப்பனுக்கு வெட்கமாக இருந்தது. மனைவியின் காலைப் பார்த்தார். கணுக்கால் வரை வீங்கியிருந்தது. கான்டெஸாவின் கதவோரம் பொட்டளவு துரு பிடித்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுகிற கண் அது. இந்த வீக்கம் எப்போது வந்தது என்று அதற்குத் தெரியவில்லை.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

பாவாயியும் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள். "கெளம்பலாமுங்களா?"

"நீ உக்காரு. நான் மட்டும் பஸ்ல போறேன்."

"நானு?"

"போயி வண்டிய எடுத்துக்கிட்டு வாரேன். சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன்."

"எந்த வண்டிய?"

இதே கேள்வியைத்தான் மடத்தம்மாவும் கேட்டிருந்தார். அப்போது சட்டென்று வந்த பதில் இப்போது வரக் கொஞ்சம் நேரமானது.

"நம்ம வண்டியத்தான்."

பாவாயி மலைப்பக்கம் பார்த்தாள். "மேக்கால இருட்டிக்கிட்டு வருதுங்க. மழை வரும்."

"வரட்டும்."

"ரோட்டுல கல்லு—"

"கெடக்கட்டும்."

மடத்தம்மா பயறை ஓலைப்பெட்டியில் கொட்டினார். "வெள்ளிக்கிழமை கரூர்க்காரர் வந்தா என்னங்க சொல்லுவீங்க?"

"தெரியலீங்கம்மா. வரட்டும். இந்தத் தடவை அவரு என்னைக் கேக்கட்டும்."

குனிந்து கும்பிட்டுவிட்டு வாசலைக் கடந்தார். நாவல் மரத்தடியில் வேகமாக நடந்தார். செருப்பில் பழம் ஒட்டியது. அதை அவர் கவனிக்கவில்லை.

"ஏனுங்க," என்று பாவாயி கூப்பிட்டாள்.

திரும்பினார்.

"சீட்டு மேல கண்ணாடிப் பேப்பரு போட்டு வெச்சிருக்கறீங்கள்ல? சின்னவ கல்யாணத்துக்கு ஏறுனப்ப ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் வழுக்கிக்கிட்டே போனேன்."

அவர் ஓரடி திரும்பி வந்தார்.

"அதைக் கிழிச்சுப்போட்டு வாங்க."