மூணாவது மூங்கில்

ஒரு ஊர்ல ஒரு ராஜான்னு ஆரம்பிச்சா, ராஜாகிட்ட எத்தனை குதிரைன்னு கேட்டு, தூங்காம எழுந்து உக்காந்துடுவ. ம் கொட்டிக்கிட்டே கேளு. அதனால, ஒரு ஊர்ல ஒரு பலகை இருந்துச்சு. ஏரிக்கரையில, பச்சை பெயின்ட் அடிச்ச பலகை. மேல "பறவைகள் சரணாலயம்"னு எழுதி, கீழ பதினோரு விதி. கல் எறியாதே, குப்பை போடாதே, பாட்டுப் போடாதே, இப்படி. பதினோராவது விதி என்ன தெரியுமா? "மேலே உள்ள பத்தையும் படிக்கவும்." எழுதினவருக்கு மனுஷங்களை நல்லாத் தெரியும்போல.

ம்.

அந்த ஏரியைச் சுத்திப் பார்க்க ஒரு நாள் மரியபுஷ்பம் வந்தா. அவ கடற்கரை ஊர்ல கூடை சுமந்து மீன் விக்கிறவ. விடியக்காலம் அஞ்சு மணிக்கு அவ "மீனேய்"னு ஒரு குரல் கொடுத்தா, நாலாவது தெருவுல பூனை எழுந்து முகம் கழுவும். முப்பது வருஷமா அவ லீவு போட்டதே இல்ல. அவளுக்கு ஒரே ஒரு ஆசை. ஏரியில ஆயிரக்கணக்குல கூழைக்கடா வந்து இறங்குதாம், கூடை கூடையா மீன் திங்குதாம். "நம்ம தொழில்ல இத்தனை பேரு இருக்காங்க, ஒரு தடவை நேர்ல பார்க்க வேண்டாமா?"ன்னா.

அவ புருஷன் சவரிமுத்து சிரிச்சாரு. "அங்க வாயைத் திறக்கக் கூடாதாம். உனக்கு பஸ் டிக்கெட்டே வீண்."

"பார்க்கலாம்"னு சொல்லிட்டு, டிபன் கேரியர்ல எலுமிச்சம் சாதம் கட்டிக்கிட்டா. மீன் குழம்பு கட்டல. பறவைங்க முன்னாடி மீன் திங்கிறது மரியாதையில்லைன்னு நெனச்சா.

அப்புறம் ஏரிக்கு வந்தா. அங்க படகோட்டி காத்தமுத்து ஒரு வழக்கம் வெச்சிருந்தாரு. அது பலகையில இல்லாத விதி.

"தண்ணிக்குள்ள மூணு மூங்கில் நட்டிருக்கு, பார்த்தியா தங்கச்சி? மூணாவதைத் தாண்டினா கூடு கட்டின மரங்க. மனுஷக் குரல் கேட்டா தாய்ப்பறவை மிரண்டு எழும், குஞ்சு கீழ விழும். அதனால படகுல யாராவது பேசினா அங்கேயே திருப்பிடுவேன். ஒருத்தருக்கு மூணு தடவைதான். நாளையிலேர்ந்து படகும் கிடையாது, தண்ணி வத்திக்கிட்டே வருது. இனிமே அடுத்த வருஷம்தான்."

அப்போ படகு கிளம்புச்சு. சளக்... சளக்... சளக். முதல் மூங்கில் வந்துச்சு. தூரத்துல மரமெல்லாம் வெள்ளை வெள்ளையா, பஞ்சு வெடிச்ச மாதிரி.

"மாதாவே"ன்னா மரியபுஷ்பம்.

படகு திரும்புச்சு.

"அண்ணே, அது சாமி பேரு."

"சாமி பேரும் பேச்சுதான்."

ரெண்டாவது தடவை முந்தானையைச் சுருட்டிப் பல்லுல கடிச்சுக்கிட்டா. சளக்... சளக். முதல் மூங்கில் போச்சு. ரெண்டாவது மூங்கில் வந்துச்சு. அப்போ பார்த்து காத்தமுத்து வயித்துலேர்ந்து "கொர்ர்"னு ஒரு சத்தம். மரியபுஷ்பம் முந்தானையை வாயிலேர்ந்து எடுத்தா. "இன்னும் சாப்பிடலையாண்ணே?"

கேட்டப்புறம்தான் நாக்கைக் கடிச்சுக்கிட்டா. படகு திரும்புச்சு. அப்புறம் ரெண்டு பேரும் கரையில உக்காந்து எலுமிச்சம் சாதம் சாப்பிட்டாங்க. "ருசியாத்தான் இருக்கு"ன்னாரு காத்தமுத்து, "ஆனா ரெண்டு தடவை முடிஞ்சுது."

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

மூணாவது தடவை கிளம்பும்போது வெயில் சாஞ்சிருச்சு. சளக்... சளக். முதல் மூங்கில் போச்சு. ரெண்டாவதும் போச்சு. கர்ர், கக்கக், கர்ர்னு மரத்துலேர்ந்து ஒரே இரைச்சல், ஏலக்கூடம் மாதிரி. இவங்க இத்தனை கத்துறாங்க, இவங்களை யாரும் திருப்பி அனுப்பலையேன்னு அவ மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டா. மூணாவது மூங்கில் இதோ, பத்து முழம்தான்.

அப்போ படபட... படபடன்னு ஒரு சத்தம். இடது பக்கம், ஒதுங்கி நின்ன கருவேலங்கிளையில, ஒரு இளங்கூழைக்கடா தலைகீழாத் தொங்குது. றெக்கையில நைலான் வலைக்கயிறு சுத்தியிருக்கு. யாரோ வீசிட்டுப் போனது.

மரியபுஷ்பம் கத்தல. கையை நீட்டி துடுப்பைத் தொட்டா, கிளையைக் காட்டினா. காத்தமுத்து பார்த்தாரு. சூரியனைக் காட்டினாரு, அது தண்ணிக்கு ரெண்டு விரக்கடை மேல நின்னுச்சு. மூங்கிலைக் காட்டினாரு, கிளையைக் காட்டினாரு, புருவத்தைத் தூக்கினாரு. ஏதாவது ஒண்ணுதான், எதுன்னு அர்த்தம்.

அவ மரங்களை ஒரு தடவை பார்த்தா. முப்பது வருஷத்து ஆசை இல்லையா? அப்புறம் கிளைப் பக்கம் கையைக் காட்டினா.

வலைச் சிக்கல் எடுக்கிறது அவ விரலுக்குப் பழக்கம். ஒரு முடிச்சு அவுத்தா. பறவை டொக்குனு மணிக்கட்டுல கொத்துச்சு. ரெண்டாவது முடிச்சு அவுத்தா. மறுபடியும் டொக், ரத்தம் வந்துச்சு. நாலு தெருவை எழுப்புற அந்த வாய், "ஸ்"னுகூடச் சொல்லல. மூணாவது முடிச்சு இறுகிக் கிடந்துச்சு, பல்லால கடிச்சு அறுத்தா. பறவை தொபுக்குனு தண்ணியில விழுந்து, சிலுப்பிக்கிட்டு, மூணாவது மூங்கிலைத் தாண்டி நீந்திப் போயிடுச்சு. ஒரு நன்றிகூடச் சொல்லல. அதுக்கும் காத்தமுத்து விதி தெரிஞ்சிருக்கும்போல.

சூரியன் இறங்கிடுச்சு. படகு திரும்புச்சு.

கரையில காத்தமுத்து சொன்னாரு, "பேசாமலே பாதியில திரும்பின ஆளு இதுவரைக்கும் நீ ஒருத்திதான் தங்கச்சி. இப்ப பேசலாம், தாராளமா."

அவ காலி கேரியரை எடுத்துக்கிட்டு, தலையை ஆட்டிட்டு பஸ் ஏறிட்டா.

வீட்டுல சவரிமுத்து கேட்டாரு, "எத்தனை பறவை பார்த்த?"

"ஒண்ணு."

"ஒண்ணைப் பார்க்கவா இத்தனை தூரம்?"

அவ மணிக்கட்டைக் காட்டினா. "கிட்டத்துல பார்த்தேன்."

அப்புறம் ஒரு மாசம் போச்சு. ஏரி வத்தி, பறவையெல்லாம் கிளம்பிடுச்சு. ஒரு விடியக்காலம் மரியபுஷ்பம் கூடையோட தெருவுல நின்னு "மீ..."ன்னு ஆரம்பிச்சா. தலைக்கு மேல விசுக்... விசுக்னு றெக்கைச் சத்தம். அவ அப்படியே நிறுத்திட்டா. கடைசிப் பறவை போற வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கிட்டே நின்னா. அது கடலுக்கு மேல போய் மறைஞ்சப்புறம்தான் "...னேய்"னா.

"என்னக்கா, பாதியில நிறுத்திட்ட?"ன்னு ஜன்னல்லேர்ந்து ஒருத்தி கேட்டா.

"மூணாவது மூங்கில் தாண்டட்டும்னு நின்னேன்"னா மரியபுஷ்பம்.

அந்தத் தெருவுக்கு இன்னைக்கு வரைக்கும் அது புரியல. உனக்குப் புரிஞ்சுதா?

...

ம் வரல. சரி, படகு கரை சேர்ந்தாச்சு. இனி நானும் பேசல.