கடைமடை மல்லிகை

மலையடிவாரத்தில் இருந்த அந்த மடத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சமைக்கிறவர் வாயில் துணி கட்டிக்கொள்வார். படையல் முடியும்வரை ஒரு பருக்கைகூட அவர் நாக்கில் படக் கூடாது. உப்பு, புளிப்பு, பதம் எல்லாவற்றையும் ஆவியை முகர்ந்தே கண்டுபிடிக்க வேண்டும்.

அடுப்படியைப் பார்த்துக்கொண்ட பொன்னம்பலத்துக்கு அறுபத்தொன்பது வயது. மனைவி போன பிறகு வந்து சீடரானவர். அவருக்குக் குருவான மங்கையர்க்கரசி அம்மை அவரைவிட இருபது வயது இளையவர்.

ஒரு வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. பக்கத்திலேயே நின்ற பொன்னம்பலத்துக்கு அது தெரியவில்லை. படையலுக்குப் பிறகு ஒரு வாய் போட்டபோதுதான் கசந்தது. பந்தியில் எல்லாரும் இலையை வழித்துச் சாப்பிட்டு எழுந்தார்கள். யாராவது திட்டியிருந்தால் மனிதருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று கற்பூரத்தை நசுக்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார். சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருந்தது. அடுப்படியும் போய்விட்டால் மடத்தில் தனக்கு என்ன வேலை? மூன்று நாள் கொதிக்கும் சத்தத்தைக் கேட்டும் நிறத்தைப் பார்த்தும் ஒப்பேற்றினார். உப்பைக் கைக்கணக்காகவே போட்டார்.

நான்காம் நாள் காலை தோட்டத்தில் இருந்த அம்மையிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார்.

"மூக்கு செத்துப்போச்சும்மா. என்னை அடுப்படியை விட்டு அனுப்பிடுவீங்களா?"

அம்மை தோட்டத்தின் கடைக்கோடியில் வாடிக் கிடந்த மல்லிகைச் செடியைக் காட்டினார்.

"இதுக்கு என்ன பண்ணலாம் ஐயா?"

இந்த நேரத்தில் செடி ஒரு கேடா என்று பொன்னம்பலத்துக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் ஓடிப்போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். அம்மை அதைக் கீழே வைக்கச் சொன்னார். தண்ணீர் வரும் வழியே கொஞ்சம் நடக்கலாம் என்றார்.

வாய்க்கால் ஓரமாகவே நடந்தார்கள். வாழை வரிசைக்கு வந்தபோது பொன்னம்பலத்தின் கெண்டைக்கால் இறுகிப் பிடித்தது. வேட்டியைச் சரிசெய்வதுபோல் நின்றார். அம்மையும் நின்றார். தென்னை மரத்தடியில் மூச்சு வாங்கியது. மறுபடியும் வேட்டி. மறுபடியும் அம்மை நின்றார்.

"எத்தனை நாளா ஐயா?"

"பங்குனியிலேருந்து. வயசாச்சு இல்லையா, நின்னா விட்டுடும்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"கால் வலியோட சமைச்சிடலாம்மா."

அம்மை சற்று நேரம் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேட்டில் இருந்த தண்ணீர்த் தொட்டியிலிருந்து வாய்க்கால் தொடங்கும் இடத்தில் வண்டலும் வேரும் சேர்ந்து கெட்டியாக அடைத்திருந்தன. தண்ணீர் நூலாகத்தான் போய்க்கொண்டிருந்தது; கடைக்கோடிவரை எட்டவில்லை. அம்மை உட்கார்ந்து ஒரு கை வண்டலை அள்ளி வெளியே போட்டார். பொன்னம்பலமும் உட்கார்ந்து அள்ளினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சலசலவென்று ஓடியது.

கையைக் கழுவியபடியே அம்மை பேசினார். இனிமேல் முகர்ந்து பார்க்கப் பந்தி பரிமாறும் தையல்நாயகி பக்கத்தில் நிற்கட்டும், கரண்டி உங்கள் கையிலேயே இருக்கட்டும் என்றார். அதற்கு முன்னால் நாளைக் காலையில் முதல் பஸ்ஸில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தானும் கூட வருவதாகச் சொன்னார்.

"டாக்டர்கிட்ட மூக்கை மட்டும் காட்டிட்டு வந்துடாதீங்க. காலையும் நெஞ்சையும் பார்க்கச் சொல்லுங்க. ரத்தம் ஓடுற வழியெல்லாம் பார்க்கட்டும்."

கரண்டி தப்பித்ததில் பொன்னம்பலத்துக்குக் கண் கலங்கியது. ஆனால் நெஞ்சு என்ற சொல் புதிதாக ஒரு பயத்தைக் கிளப்பிவிட்டது. ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்.

"மல்லிகை பிழைச்சுக்குமாம்மா?"

"தெரியலை ஐயா. ஆனா அடுத்து வாட இருந்தது வாழை."