படம் இல்லாத புத்தகம்

ரூபவதி டீச்சரை உயிரோடு கடைசியாகப் பார்த்த அன்றும் மந்திரமூர்த்தி அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"டீச்சர், எந்தப் புத்தகம் வாங்கட்டும்?"

டீச்சர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

கேள்வி பழையது. அவர்கள் பழக்கமே அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

மந்திரமூர்த்தி லாரி ஓட்டியவர். அம்பாசமுத்திரத்திலிருந்து புறப்பட்டு அவர் மிதிக்காத மாநிலம் குறைவு. ஸ்டியரிங்கை விட்ட வருஷமே மனைவியும் போய்விட்டாள். வீட்டில் பேச்சில்லை. காலையில் எழுந்து வாய்க்கால் கரையோடு நடக்க ஆரம்பித்தார்.

லாரியிலிருந்து பார்த்தபோது எல்லாம் ஒரே பச்சையாக ஓடிய கரை, நடந்து பார்த்தபோது தனித்தனிச் செடியாகப் பிரிந்து நின்றது. ஒன்றுக்கும் பெயர் தெரியவில்லை. ஊரில் அத்தனை பேருக்கும் பெயர் சொல்லத் தெரிந்த மனிதருக்கு அது அவமானமாக இருந்தது.

மதுரைப் புத்தகக் கண்காட்சியில் வழவழவென்று ஒரு படப் புத்தகம் வாங்கினார். இந்தியச் செடிகள் எல்லாம் உள்ளே இருப்பதாக அட்டை சொன்னது. பூவின் நிறத்தை வைத்துப் பக்கம் பிரித்திருந்தார்கள்.

ரூபவதி டீச்சர் மகளிர் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். மந்திரமூர்த்தியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு பாபநாசம் மலைக்குப் போவார் என்று கேள்விப்பட்டு, மந்திரமூர்த்தி அடிவாரத்து டீக்கடையில் போய் அவரைப் பிடித்துவிட்டார்.

"டீச்சர், நானாவே ஒன்னு கண்டுபிடிச்சிட்டேன்."

ஒரு மஞ்சள் பூவை பெஞ்சில் வைத்தார். புத்தகத்தைப் பிரித்துப் படத்தைக் காட்டினார்.

டீச்சர் படத்தைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார்.

"அண்ணாச்சி, இது காஷ்மீர்ல பனி உருகுற இடத்துல பூக்கிறதாம். நம்ம வாய்க்காலுக்கு எப்படி வந்துச்சு?"

"வந்திருக்கும் டீச்சர். நானே அங்கேருந்து ஆப்பிள் லோடு ஏத்திட்டு வந்திருக்கேன்."

மாணவிகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"இலை எங்க?"

"பூவைத்தானே படம் போட்டிருக்கான். இலை எதுக்கு?"

டீச்சர் பூவை எடுத்தார். மந்திரமூர்த்தியின் சட்டைப் பையில் சொருகினார்.

"நல்லாருக்கு. வீட்டுக்குப் போங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மந்திரமூர்த்தி அந்தச் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தார். முகத்தில் கோபம் இருந்தது.

"எந்தப் புத்தகம் வாங்கணும்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

"ஒரு வேப்பிலை கொண்டாங்க. சொல்லுதேன்."

டீக்கடைக்குப் பக்கத்திலேயே வேம்பு நின்றது. ஒன்றைக் கிள்ளிக்கொண்டு வந்து நீட்டினார்.

"இது இலை இல்ல."

"டீச்சர், எங்க அம்மன் கோயில் கொடைக்கு வேப்பிலை கட்டுறதே எங்க குடும்பந்தான். என்கிட்டயே இது வேப்பிலை இல்லைங்கீங்களே."

"வேம்புதான். இலைதான் இல்ல."

மந்திரமூர்த்தி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அண்ணாச்சி, டீ ஆறுது" என்று கடைக்காரர் கூப்பிட்டார். டீ ஆறிப்போயிற்று.

டீச்சர் எழுந்து வந்து ஒரு கிளையை வளைத்துப் பிடித்தார். நீளமான ஈர்க்கு குச்சியோடு சேரும் இடத்தைப் பென்சில் முனையால் தொட்டார். அங்கே கடுகு போல ஒரு மொட்டு உட்கார்ந்திருந்தது. பிறகு, மந்திரமூர்த்தி கிள்ளியது ஈர்க்கில் எங்கே ஒட்டிக்கொண்டிருந்ததோ அந்த இடத்தைத் தொட்டார். அங்கே ஒன்றுமில்லை.

பெஞ்சுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

மந்திரமூர்த்தி இன்னொரு கிளையை வளைத்தார். இன்னொன்றை. எல்லாவற்றிலும் மொட்டு அதே இடத்தில்தான் இருந்தது.

"அப்போ இந்த ஈர்க்கு முழுசும் சேர்ந்துதான் ஒரு இலையா?"

"ஆமா. மொட்டு நிக்கிற இடத்துலதான் இலை தொடங்கும்."

"நான் கிள்ளினது?"

"இலையில ஒரு துண்டு."

மந்திரமூர்த்தி கையைத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கையால எத்தனை தோரணம் கட்டியிருப்பேன்!"

"அம்மன் ஒன்னும் நினைச்சுக்கிட மாட்டா" என்றார் டீச்சர்.

அன்று தோள்பையிலிருந்து கனத்த புத்தகம் ஒன்றை எடுத்து மந்திரமூர்த்தியின் மடியில் வைத்தார். அந்த வட்டாரத்து மலைச் செடிகளைப் பற்றி மட்டும் ஆங்கிலத்தில் எழுதியது. மந்திரமூர்த்தி முன்னிருந்து பின்னும், பின்னிருந்து முன்னும் புரட்டினார்.

"படமே இல்லையே!"

"இல்ல."

"பெறவு எப்படிக் கண்டுபிடிக்க?"

"உங்க ரோடு மாதிரித்தான். ஒவ்வொரு முக்குலயும் ரெண்டாப் பிரியும். இலை எதிரெதிரா, மாத்தி மாத்தியா? பால் வருமா, வராதா? பாத்துப் பாத்துத் திரும்பணும். கடைசில ஊர் வரும். அதுதான் பேரு."

ரோடு என்றதும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. படித்தது எட்டாம் வகுப்பு. பேத்தியின் ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் புத்தகத்தை பெஞ்சில் தொப்பென்று போட்டார்.

"புத்தகம் தப்பு டீச்சர்."

"என்ன ஆச்சு?"

"வாய்க்கால்ல நிக்கிற செடியைத் தேடினேன். கடைசில பெரிய மரம்னு போட்டிருக்கு. அது என் முட்டுக்குக் கீழ நிக்கி."

"நாக்பூருக்குப் போறோம்னு போய், வேற ஏதோ ஊர்ல நிக்கீங்க. ரோட்டையா திட்டுவீங்க?"

"ரோட்டை எதுக்குத் திட்டணும்? கிளீனரைத் திட்டுவேன்."

டீக்கடை முழுவதும் சிரித்தது. இந்தத் தடவை டீச்சரும் சிரித்தார்.

"சரி, திட்டி முடிச்சாச்சு. பெறவு?"

"பெறவென்ன? இது நிச்சயமா நம்ம ரோடுதான்னு தெரிஞ்ச முக்கு வரைக்கும் வண்டியைத் திருப்பிக் கொண்டாருவேன்."

டீச்சர் டீயை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார்.

மந்திரமூர்த்தி புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாய்க்காலைப் பார்க்க நடந்தார்.

இப்படியே பல மழைக்காலம் போயிற்று. ஆனாலும் அவருக்கு அந்தக் கேள்வி தீரவில்லை. படம் இல்லாத புத்தகம் டீச்சருடையது. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தனக்கென்று ஒன்று வேண்டும். கடையில் எதைப் பார்த்தாலும் வந்து சொல்வார். டீச்சர் ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

"அதுல குப்பைமேனியைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா?"

"குப்பைமேனிதான் எனக்கே தெரியுமே டீச்சர்."

"அதனாலதான் கேக்கேன். புதுசா ஒரு டிரைவர் வேலை கேட்டு வந்தா என்ன செய்வீங்க?"

"எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஊருக்கு அவன்கிட்ட வழி கேப்பேன்."

டீச்சர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவார்.

பிறகு டீச்சருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. சளி இல்லை, வேறு என்றார்கள் ஆஸ்பத்திரியில். மலைக்குப் போவது நின்றது.

அந்தக் கடைசி நாளில் மந்திரமூர்த்தி ஒரு கிளையோடு போனார். மலையில் தண்ணீர் சொட்டும் பாறை இடுக்கில் பூத்து நின்றது. அவருக்குத் தெரிந்த எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தவில்லை. டீச்சர் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் கிடந்தார். உடம்பு பாதியாகியிருந்தது.

"இதுக்குப் பேரு சொல்லுங்க டீச்சர். நீங்க இல்லாட்டி நான் யார்கிட்டப் போய்க் கேப்பேன்?"

சொல்லிவிட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டீச்சர் கிளையை வாங்கினார். பார்க்காமலே அவர் கையில் திருப்பி வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க."

"வெள்ளைப் பூ…"

டீச்சரின் விரல் ஒன்று எழுந்து, இல்லை என்று ஆடியது.

மந்திரமூர்த்தி கீழேயிருந்து தொடங்கினார்.

"புதர். என் இடுப்பு உயரம். ஈரப்பாறை இடுக்கு, வெயில் விழாத பக்கம். இலை எதிரெதிர். முழு இலைதான், துண்டு இல்ல. காம்படியில மொட்டு இருக்கு. ரெண்டு காம்புக்கும் நடுவுல, குச்சி மேல, பால்பல் மாதிரி ஒரு செதில். கிள்ளினா பால் வரல. பூ கொத்தாக் குச்சி நுனியில. குழல் இருக்கு. இதழ் அஞ்சு. விரியாத பூவுல இதழ் எல்லாம் ஒரே பக்கமா முறுக்கிக்கிட்டுக் கிடக்கு, முறுக்கின துணி மாதிரி. குழலுக்குள்ள ரோமம்."

நெடுநேரம் சொன்னார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் போனபோது நிறுத்தினார்.

டீச்சர் கண்ணைத் திறக்கவில்லை.

"பாத்துட்டேன் அண்ணாச்சி" என்றார்.

அவர் முகத்தில் இருந்த பெருமையை, அவருடைய மாணவிகள் பட்டம் வாங்கிய நாட்களில் மட்டுமே மந்திரமூர்த்தி பார்த்திருந்தார்.

"அப்போ பேரு?"

"நான் சொன்னா அது என் பேராப் போயிரும்."

அப்போதுதான் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டார். டீச்சர் சிரித்து, இருமினார். டீச்சரின் தம்பி தேவசகாயம் வெந்நீரோடு வந்தார். மந்திரமூர்த்தி எழுந்து வந்துவிட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. டீச்சரிடம் படித்த பெண்கள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். காட்டிலாகாவில் அதிகாரியாக இருந்தவர்கள்கூட அழுதார்கள். என் டீச்சர் என்று மந்திரமூர்த்தி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். கண் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை.

சில நாள் கழித்து தேவசகாயம் கூப்பிட்டனுப்பினார்.

"புத்தகம் எல்லாம் காலேஜுக்குன்னு அக்கா சொல்லிட்டா. ஒன்னு மட்டும் உங்களுக்கு. எதுன்னு சொல்லல. நீங்களே எடுத்துக்கிடணுமாம்."

மந்திரமூர்த்தி அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். பையிலிருந்து, செய்தித்தாளுக்குள் வைத்து உலர்த்திய அந்தக் கிளையை எடுத்தார்.

முதலில் ஒவ்வொரு புத்தகத்திடமும் குப்பைமேனியைக் கேட்டார். சில அங்கேயே கழிந்தன.

பிறகு பாறைச் செடியைக் கேட்டார்.

பெரிய படப் புத்தகம் உடனே ஒரு வெள்ளைப் பூவைக் காட்டியது. தென்னாடு முழுவதும் காணப்படும் என்றது. நாடு முழுவதற்குமான பழைய தொகுதிகள் ஏழெட்டு வரியில் முடித்துக்கொண்டன. எதிலும் தயக்கம் இல்லை.

படம் இல்லாத புத்தகத்தைக் கடைசியாக எடுத்தார். முக்கு முக்காகப் போனார். ஓரிடத்தில் தப்பிவிட்டது, திரும்பி வந்து மறுபடி போனார். தேவசகாயம் கொடுத்த காப்பியில் ஏடு படிந்தது.

ஊர் வந்தது.

செதில் சரி. முறுக்கு சரி. ரோமம் சரி. கடைசி வரியில் வந்து விரல் நின்றுவிட்டது. அகராதியே தேவைப்படாத சின்ன வரி.

காய் நான் பார்க்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, தப்பா வந்துட்டா?"

"இல்ல தம்பி. எழுதின மனுஷன் காயைப் பாக்கலையாம். பாக்கலன்னே எழுதி வச்சிருக்கார்."

"அப்போ குறை உள்ள புத்தகம்லா? அந்தப் படம் போட்டதை எடுங்க. பாக்க லட்சணமா இருக்கு."

மந்திரமூர்த்தி படம் இல்லாத புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தார்.

மழை விட்டதும் மலையேறினார். பூ எல்லாம் உதிர்ந்திருந்தது. பச்சையாகச் சின்னச் சின்னக் குமிழ்கள் நின்றன. பழுக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தார். அடுத்துப் போனபோது பறவைகள் முந்திவிட்டன. வெறுங்காம்பு நின்றது.

ஒரு வருஷம் காத்திருந்தார். முழங்கால் வலிக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, இந்தத் தடவை சீக்கிரமே போனார்.

கல்லூரியில் உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிவைக்கும் அறைக்கு இப்போது ஹெலன் என்பவர் பொறுப்பு. டீச்சரிடம் படித்தவர். மந்திரமூர்த்தி கறுத்த காயோடு கொண்டுபோன கிளையை லென்சு வைத்துப் பார்த்தார். புத்தகத்தில் அந்தக் கடைசி வரியைப் பார்த்தார். திரும்பவும் கிளையைப் பார்த்தார். பிறகு வேகமாகப் பேனாவைத் தேடினார்.

"செடியோட பேரைக் கண்டுபிடிச்சது யாருன்னு தாள்ல எழுதணும் அண்ணாச்சி. டீச்சர் பேரையா போடட்டும்?"

மந்திரமூர்த்திக்கும் அந்த ஆசை இருந்தது. வாய்வரை வந்துவிட்டது.

டீச்சர் இந்தக் காயைப் பார்க்கவில்லை.

"மந்திரமூர்த்தின்னு எழுதுங்க" என்றார்.

தாள் அந்த அறையின் இரும்பு அலமாரியில் இருக்கிறது. இலை பழுப்பாகிவிட்டது. காய் கறுப்பாகவே இருக்கிறது.