கோயில் கணக்கில் கஞ்சி

கரட்டடி மடத்தில் குருவுக்கு வயது நாற்பத்தாறு. சீடருக்கு அறுபத்து மூன்று.

குருவின் பெயர் நல்லம்மாள். ஊரார் அவரைச் சாமி என்பார்கள். அவர் சீடரை அண்ணா என்பார். சீடர் சென்னியப்பன் முப்பத்தொரு வருடம் லாரி எடைமேடையில் வேலை பார்த்தவர். எண்ணாமல் எதையும் நம்ப மாட்டார். அமாவாசைதோறும் மடத்தில் ஊருக்குக் கஞ்சி ஊற்றுவார்கள். பந்தியில் உட்கார்ந்தவர்களை எண்ணிச் சொல்வது அவர் பொறுப்பு. ஒன்பது வருடத்தில் ஒரு தட்டுகூட அவர் கணக்கில் தவறியதில்லை.

ஒரு நாள் அவர் மாகாளியம்மன் கோயிலில் நடந்த ஊர்க்கூட்டத்திலிருந்து நேராக மடத்துக்கு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"சாமி, பஞ்சாயத்துத் தலைவர் பதவி முடிஞ்சுதுங்க. கொப்பரைக்களம் ராசப்பன் ஏலத்துல எடுத்துட்டாரு. கோபுரம் முழுசும் அவரே கட்டித் தர்றாருங்க."

"தேர்தல் இருக்குதுங்களே அண்ணா?"

"வேற யாரும் மனுத் தாக்கல் பண்ணக் கூடாதுன்னு கட்டுப்பாடுங்க. ஒரே மனுன்னா ஓட்டெடுப்பு எதுக்குங்க? சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஊரே ஒத்துக்கிச்சு."

"ஊருன்னா எத்தனை பேருங்க?"

"நூத்தி நாப்பத்தெட்டு. நானே எண்ணினேன். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்னு கேட்டாங்க. ஒருத்தரும் வாயைத் திறக்கலை."

"சரிங்கண்ணா," என்றார் குரு. அரிசி புடைக்க உட்கார்ந்தார்.

மறுநாள் அமாவாசை. மனுத் தாக்கலுக்கும் அதுவே கடைசி நாள். மூன்று மணிக்கு முடிந்துவிடும். பதினொன்று நாற்பதுக்கு ஒரு பெண் மடத்துப் படியேறி வந்தார். நூல்மில் வேலைக்குப் போகிற துளசிமணி. வயது முப்பத்து நான்கு. கையில் வேட்புமனு. எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. முன்மொழிபவர் கையெழுத்து என்ற ஒரு கட்டம் மட்டும் காலி.

"இருபத்து மூணு வீடு ஏறி இறங்கிட்டனுங்க சாமி. எல்லாரும் தண்ணி குடுக்கறாங்க. கையெழுத்துதான் குடுக்க மாட்டேங்கறாங்க."

சென்னியப்பன் குறுக்கிட்டார். "ஏன் அம்மிணி, ராசப்பனைத் தோக்கடிச்சிருவியா நீ?"

"மாட்டனுங்க பெரியப்பா."

"அப்புறம் எதுக்கு இந்த வெய்யில்ல?"

"ரெண்டாவதா ஒரு மனு விழுந்தாத்தானுங்க பெட்டி வெப்பாங்க. பெட்டி வெச்சாத்தான் நான் ஓட்டுப் போடுவேன். பதினெட்டு வயசுல லிஸ்ட்ல பேரு சேர்த்தாங்க. தலைவருக்கு இன்னும் ஒரு ஓட்டும் போட்டதில்லீங்க. மூணு தடவையும் ஏலம்."

சென்னியப்பன் அந்தக் காலிக் கட்டத்தை எட்டிப் பார்த்தார்.

"நீங்க போடுங்க பெரியப்பா. உங்க கையெழுத்துன்னா ஊருக்கு ஒரு மதிப்பு."

"எம் மகளுக்குத் தையில கல்யாணம். மாகாளி கோயில்ல கல்யாண மாலை எடுக்கோணும். கட்டுப்பாட்டை மீறினா மாலை குடுக்க மாட்டாங்க. உனக்கென்ன, நீ மில்லுக்குப் போயிருவே."

துளசிமணி காகிதத்தை மடிக்கவில்லை. உட்காரவும் இல்லை. இருபத்து நாலாவது வாசலிலும் முதல் வாசலில் நின்றதைப் போலவே நின்றார்.

"ஒண்ணேகாலுக்குத்தானே பஸ்ஸு," என்றார் குரு. "உக்காந்து கஞ்சி குடிச்சுட்டுப் போ. அண்ணா, பந்தியில எத்தனை பேருங்க?"

சென்னியப்பன் எண்ணிக்கொண்டு வந்தார். "இருநூத்திப் பன்னெண்டுங்க சாமி."

"அது மடத்துக் கணக்கு. இன்னைக்குக் கோயில் கணக்குல எண்ணுங்க."

கோயில் கணக்கு தலைக்கட்டுக் கணக்கு. கல்யாணமாகிக் குடும்பம் நடத்துகிற ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு. கோயில் வரி அப்படித்தான். ஊர்க்கூட்டத்தில் உட்காருவதும் அப்படித்தான். சென்னியப்பன் திரும்பப் போய் எண்ணினார்.

"முப்பத்தேழுங்க."

"முப்பத்தேழு பேருக்கு ஊத்துங்கண்ணா."

அவர் குருவைப் பார்த்தார். குரு சிரிக்கவில்லை. சென்னியப்பன் தூக்குப்போணியை எடுத்துக்கொண்டார்.

முதல் வரிசையில் ஒருவருக்கு ஊற்றி, பக்கத்தில் இருந்த அவருடைய தாயாரைத் தாண்டினார். இரண்டு குழந்தைகளைத் தாண்டினார். கல்யாணமாகாத ஒருவரைத் தாண்டினார். இரண்டாம் வரிசையில் புருஷன் இல்லாத கண்ணம்மா தட்டைத் தூக்கிக் காட்டினார்.

"ஏனுங்க, மடத்துக் கஞ்சியையும் ஏலம் விட்டாச்சுங்களா?"

பந்தி சிரித்தது. சென்னியப்பன் குனிந்துகொண்டு நடந்தார். பதினோரு தட்டு நிறைந்திருந்தது. மூன்றாம் வரிசையில் நாலாவதாக உட்கார்ந்திருந்தவர் அவர் மனைவி ராமாத்தாள். அவரைத் தாண்டக் கால் வரவில்லை.

"ஏனுங்க, போணியைப் புடிச்சுட்டு நிக்கறீங்க? ஊத்துங்க."

"சாமி கோயில் கணக்குல ஊத்தச் சொல்லியிருக்காங்க."

"அதுல நான் எத்தனாவதுங்க?"

சென்னியப்பனிடம் எண் இல்லை.

போணியோடு குருவிடம் திரும்பினார். வரிசையின் கடைசியில் குருவும் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னாலும் காலித் தட்டு. சென்னியப்பன் அந்தத் தட்டைப் பார்த்தார்.

"உங்களுக்கும் அதுல இல்லீங்களே சாமி."

"மடத்துக்கு வந்த பதினேழு வருசமாத் தெரியுமுங்கண்ணா," என்றார் குரு.

சென்னியப்பன் முதல் வரிசைக்குப் போய், அங்கிருந்து ஆரம்பித்தார். இருநூற்றுப் பன்னிரண்டு தட்டுக்கும் ஊற்றினார். கையைக் கழுவி, துண்டில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டு, துளசிமணியிடம் காகிதத்தை வாங்கினார். கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே வாக்காளர் பட்டியல் வரிசை எண் கேட்டிருந்தது. முழித்தார்.

"நூத்தி எழுபத்தொண்ணு," என்றார் ராமாத்தாள், கஞ்சி குடித்துக்கொண்டே. "எனக்கு நூத்தி எழுபத்திரண்டு."

"மாலை கிடைக்காது, ராமாத்தா."

"மாலை மாகாளி குடுக்கறது. இவங்க என்னத்தைக் குடுக்கறது?"

துளசிமணி ஒன்றேகால் பஸ்ஸைப் பிடித்தார். யூனியன் ஆபீஸில் மனு ஏறியபோது இரண்டு முப்பத்தைந்து.

அன்று சாயங்காலமே மடத்துக்குப் பால் நின்றது. மறுநாள், சென்னியப்பன் மகளுக்கு மாலை இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மனுவைத் திரும்பப் பெறச் சொல்லித் துளசிமணி வீட்டுக்கு ஒரே நாளில் நாலு கூட்டம் போனது. நாலு கூட்டத்துக்கும் துளசிமணி டீ கொடுத்தார். மனுவைத் திரும்பப் பெறும் நாள் அப்படியே கழிந்தது.

அதற்குப் பிறகு ராசப்பன் தெருவில் இறங்கினார். வேறு வழியில்லை. பட்டியலில் அறுநூற்றுப் பதினான்கு பேர். நூற்று நாற்பத்தெட்டைத் தாண்டியும் பெயர்கள் இருந்தன. அவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். இதுவரை கால் வைத்திராத கிழக்குத் தெருவிலும் போனார். அங்கே தண்ணீர் வாங்கிக் குடித்தார். தெருக்குழாயில் தண்ணீர் வந்து பதினோரு மாதம் ஆயிற்று, இது குடத்தில் சுமந்து வந்த தண்ணீர் என்று ஒரு பெண் சொன்னார். ராசப்பன் அதைப் பட்டியலின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

தேர்தல் அன்று பள்ளிக்கூடத்தில் ஏழு மணிக்கு வாக்குப்பதிவு. ராமாத்தாள் ஆறு இருபதுக்கே வரிசையில் முதலாவதாக நின்றார். ஏழு மணிக்குப் பெண்கள் வரிசையில் தொண்ணூற்று நான்கு பேர். சென்னியப்பன் எண்ணினார். எண்ணி முடித்தும் இடத்தை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டே நின்றார். பட்டுச் சேலை கட்டியவர்களும் அதில் இருந்தார்கள். குரு ஐம்பத்தாறாவதாக நின்றார். யாரோ முன்னால் வரச் சொன்னார்கள். அவர் வரவில்லை.

பதிவான ஓட்டு ஐந்நூற்று எழுபத்தொன்று. ராசப்பனுக்கு முந்நூற்றுப் பதினெட்டு. துளசிமணிக்கு இருநூற்று நாற்பத்தாறு. செல்லாதவை ஏழு.

அடுத்த அமாவாசைக்குப் பந்தியில் ஆண்கள் குறைவு. மொத்தம் இருநூற்று ஏழு. துளசிமணி மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வந்து தட்டு வைத்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் போணியை எடுக்காமல் குருவின் முன் நின்றார்.

"தோத்துட்டமுங்களே சாமி."

"ம்."

"பாலும் போச்சு. மாலையும் போச்சு. எதுக்குங்க என்னையக் கையெழுத்துப் போட வெச்சீங்க?"

"நான் எங்கண்ணா போட வெச்சேன்? கஞ்சிதானே ஊத்தச் சொன்னேன்."

பக்கத்தில் துளசிமணி சிரித்துவிட்டார். சென்னியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சாமி, நான் கணக்கு மட்டும் தெரிஞ்சவன். ஏலத்துல விட்டிருந்தாலும் ராசப்பன்தான் தலைவர். ஓட்டெடுப்பு வெச்சும் ராசப்பன்தான் தலைவர். ரெண்டுக்கும் நடுவுல என்னங்க மிச்சம்?"

குரு ஒரு தட்டைத் துடைத்து வைத்தார்.

"ஏலத்துக்கு முன்னால ராசப்பன் உங்க வீட்டுக்கு எத்தனை தரம் வந்தாருங்கண்ணா?"

"வந்ததே இல்லீங்க. நாந்தான் கோயில் கூட்டத்துல இருப்பேனே, அங்கயே பாத்துக்குவாரு."

"தேர்தலுக்கு முன்னால?"

சென்னியப்பன் மனதுக்குள் எண்ணினார்.

"மூணு தரமுங்க."

"மூணு தரமும் நீங்க வீட்டுல இருந்தீங்களா?"

"இல்லீங்க. மூணு தரமும் மடத்துல இருந்தேன். இருந்தாலும் உள்ள போயி உக்காந்து பேசிட்டுத்தான் போனாருங்களாம்."

"யாரைத் தேடி வந்தாருங்கண்ணா?"

சென்னியப்பன் பந்தியைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாம் வரிசையில் நாலாவது தட்டு. ராமாத்தாள் பக்கத்தில் இருந்த கண்ணம்மாவிடம் கிழக்குத் தெருக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் போணியை எடுத்துக்கொண்டு மூன்றாம் வரிசைக்குப் போனார்.