மயிலை தின்ற பொங்கல்

முன்னொரு காலத்தில், தான் சாப்பிடுவதையெல்லாம் மயிலை என்ற தன் பசுவும் சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு ராஜா இருந்தார். ஒருநாள் காலையில் ஓர் அண்டா சர்க்கரைப் பொங்கலை யாருக்கும் தெரியாமல் அதற்கு ஊட்டிவிட்டார். பாசம்தான், வேறென்ன? உச்சிப் பொழுதுக்குள் மயிலையின் வயிறு மத்தளம் மாதிரி உப்பிவிட்டது. அசை போடவில்லை. மூச்சுவிடத் திணறியது.

அரண்மனை வைத்தியர் சபாநாயகம் கொடுத்த லேகியம் பலிக்கவில்லை. விகடகவி ஆதிமூலம் மலையடிவாரத்துக்கு ஓடி, மாடு மேய்க்கும் வெள்ளாத்தாளைக் கோட்டை வாசலுக்கு அழைத்து வந்தான். அவள் மடியில் பிரண்டை, கையில் மூங்கில் குழாய். வைத்தியருக்குப் பொறாமை தாங்கவில்லை.

"மகாராஜா, காட்டுச் செடி கோட்டை வாசலைத் தாண்டினால் அபசகுனம். மயிலையும் வெளியே கால் வைக்கக் கூடாது. மீறினால் ஆதிமூலத்தை நாடு கடத்துங்கள்" என்றார்.

சகுனம் என்றாலே நடுங்கும் ராஜா தலையாட்டினார்.

"உத்தரவு" என்றான் ஆதிமூலம். மயிலையை மெல்ல ஓட்டிப்போய் வாசலில் நிறுத்தினான். நான்கு கால்களும் உள்ளே, தலை மட்டும் வெளியே. கால் தாண்டுகிறதா என்று பார்க்க வைத்தியர் பசுவின் பின்னால் குனிந்து நின்றுகொண்டார்.

வெளியே வெள்ளாத்தாள் பிரண்டையை இஞ்சி, உப்போடு அரைத்துக் கரைத்துக் குழாயில் ஊற்றினாள். ஆனால் புகட்டவில்லை.

"ஆகாதத ஊட்டுனவங்கதான் மாட்டு வாயப் புடிக்கோணும். அது எங்க வழக்கமுங்க. யாருங்க அது?"

ராஜா மயிலையின் கண்ணைப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"நான்தான் அம்மா" என்று வெளியே வந்து வாயைப் பிடித்தார்.

மருந்து இறங்கியது.

"பிரபு, செடி வயிற்று வழியாக உள்ளே வந்துவிட்டது. குற்றம் குற்றம்தான்" என்றார் வைத்தியர், குனிந்தபடியே.

"ஒப்புக்கொள்கிறேன் மகாராஜா. அது வெளியேறப்போவதும் வைத்தியர் பக்கம்தான். அவரே பிடித்து ஒப்படைக்கட்டும்" என்றான் ஆதிமூலம்.

கொஞ்ச நேரத்தில் மயிலை நீளமாக ஏப்பம் விட்டது. பிறகு வாலைத் தூக்கியது. வைத்தியர் தலை முதல் கால் வரை நனைந்தார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி ஆதிமூலத்துக்குப் போட்டார். வெள்ளாத்தாளிடம், "உனக்கு என்ன வேண்டும் அம்மா?" என்று கேட்டார்.

"இந்த வாசல்ல பிரண்டை நட்டு வைங்க ராசா. பொங்கல நீங்களே உண்டுக்கோங்க."

அப்படியே ஆயிற்று. அதன்பின் பொங்கல் சாப்பிடும்போதெல்லாம் ராஜா, மயிலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.