பலா நிழலில் பதினைந்தாவது ஆடு

முன்னொரு காலத்தில் மருதங்காட்டு நாட்டை வீரகண்டன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்ல மனிதன்தான். ஆனால் காலையில் ஒரு ஆசை வந்தால் மத்தியானத்துக்குள் அது கட்டளையாகிவிடும். ஆடுபுலி ஆட்டம் என்றால் அவனுக்கு உயிர். எப்போதும் புலி அவனுக்கு, ஆடு எதிராளிக்கு. ஆட்டத்தைத் தொடங்கிவிட்டால் அது முடியும்வரை எழுந்திருக்கவும் கூடாது, உத்தரவு போடவும் கூடாது என்பது அவன் குல வழக்கம்.

ஒரு நாள் அண்டை நாட்டில் விருந்துண்டு வந்தவன் சபையைக் கூட்டினான்.

“அவர்கள் அரண்மனைப் பின்கட்டில் எங்கு பார்த்தாலும் பூ! நம் பின்கட்டில் ஒரு பூ உண்டா? ஒரே இருட்டு!”

நந்தவன அதிகாரி கஸ்தூரிரங்கன் எழுந்தான். அமைச்சர் சாத்தப்பர் சொல்வதை அரசன் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரியும்.

“மகாராஜா, எல்லாம் அந்தப் பலா மரத்தால் வந்த வினை. இந்த இருட்டிலேயே நான் பூக்க வைத்துக் காட்டுகிறேன். மரத்தை வெட்டி வெயிலை விட்டால் நூறு மடங்கு பூக்கும். வெட்டவிடாமல் தடுப்பவர் அமைச்சர்தான்.”

பக்கத்தில் இருந்த அரசி உமையாளுக்கு முகம் சிவந்தது. கோடை முழுவதும் அவள் அந்த மரத்தடியில்தான் இருப்பாள்.

“மரத்தை வெட்டிவிட்டால் சித்திரை வெயிலில் நான் எங்கே உட்காருவது? உங்கள் மீசை நிழலிலா?”

அரசன் மீசையைத் தடவிக்கொண்டு அமைச்சரைப் பார்த்தான்.

“நிழலுக்கென்று ஒரு அழகு உண்டு மகாராஜா,” என்றார் சாத்தப்பர். “பூவே வேண்டாம். இலைகளை வைத்தே பின்கட்டை அழகாக்கலாம்.”

கஸ்தூரிரங்கன் சிரித்தான். “இலையா! விருந்தாளிக்கு இலை போட்டுச் சோறு போடுவது வழக்கம். அமைச்சர் வெறும் இலையைக் காட்டியே அனுப்பிவிடுவார் போலிருக்கிறது!”

சபையே சிரித்தது. அரசனும் சிரித்துவிட்டுச் சொன்னான்: “பின்கட்டில் ஆளுக்குப் பாதி. சித்திரை முதல் நாள் வந்து பார்ப்பேன். இலை பிடித்தால் மரம் நிற்கும். பூ பிடித்தால் மரம் விழும். முதல் வெட்டு அமைச்சர் கையால்!”

சாத்தப்பர் வேலையை ஆரம்பித்தார். பலாவின் அடிமரத்தில் வெற்றிலைக் கொடியை ஏற்றினார். இருட்டு மூலையில், வெள்ளை நரம்போடிய சேம்பை வைத்தார். அங்கே விளக்கு வைத்தது போலானது. அதற்கு முன்னால், குங்குமம் தெளித்தது போன்ற வண்ணச் சேம்பு. ஈரச் சுவரோரம், இறகு விரித்தது போன்ற பெரணிச் செடி. விளிம்பில், மஞ்சள் கரை போட்ட மருள் செடி, ஈட்டி ஈட்டியாக. மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விட்டார். இலைகளில் படிந்த தூசியை ஈரத்துணியால் தாமே துடைத்தார்.

“அமைச்சரே, எல்லா இலைக்கும் முகம் கழுவியாயிற்றா?” என்று கஸ்தூரிரங்கன் கேலி பேசுவான்.

“உம்முடைய மல்லிகை மொட்டு விட்டதா?” என்று இவர் கேட்பார். அவன் தன் பாதிக்கு நடையைக் கட்டிவிடுவான்.

சித்திரை முதல் நாள் விடிந்தது. அரசன் அரசியோடு வந்தான். கஸ்தூரிரங்கனின் பாதியில் கொடிப் பந்தல் நிறைய மல்லிகை; இடையிடையே ரோஜா. அரசன் வாயைப் பிளந்தான்.

“கிட்டே போகாதீர்கள் மகாராஜா, பூவுக்குக் கண் பட்டுவிடும்,” என்றான் கஸ்தூரிரங்கன். “அந்தப் பக்கம் பாருங்கள். அது தோட்டமா, கீரைப் பாத்தியா?”

“அடடா, பூ பூதான்! கோடாலியைக் கொண்டு...”

“மகாராஜா,” என்று சாத்தப்பர் குறுக்கிட்டார், “வெட்டப்போவது என் கை. அதற்கு முன் இந்த நிழலில் கடைசியாக ஒரு ஆட்டம். பந்தலின் கீழேயே உட்காருவோம்.”

அரசன் உட்கார்ந்துவிட்டான். மூன்று கல் புலிகள், பதினைந்து புளியங்கொட்டை ஆடுகள்.

கஸ்தூரிரங்கனுக்கு வியர்த்தது. “மகாராஜா, முதலில் உத்தரவு...”

“ஒரு ஆடு வைத்தாயிற்று. இனி முடியாது, போ!”

வழக்கமாகச் சட்டென்று காய் வைக்கும் சாத்தப்பர் அன்று ஒவ்வொரு ஆட்டுக்கும் தாடியைத் தடவினார், மரத்தை அண்ணாந்து பார்த்தார், வெற்றிலை போட்டுக்கொண்டார்.

“என்ன ஓய், தூங்கிவிட்டீரா?”

“புலி வாய்க்குப் பக்கத்தில் ஆட்டை விடுகிறேன் மகாராஜா. யோசிக்க வேண்டாமா?”

வெயில் உச்சிக்கு ஏறியது. வெளி முற்றம் கொதித்தது. பலாவின் கீழ் மட்டும் குளுகுளுவென்று இருந்தது. அரசன் சால்வையைக் கழற்றிவிட்டுச் சாய்ந்துகொண்டான். அவன் கண் பெரணிமேல் போனது. பிறகு சிவப்புப் புள்ளிச் சேம்பின்மேல். “எவ்வளவு நேரம் பார்த்தாலும் கண் எரியவில்லையே,” என்று முணுமுணுத்தான்.

அப்போது பந்தலிலிருந்து ஒரு ரோஜா பொத்தென்று ஆட்டத்தின் நடுவே, புலியின் தலைமேல் விழுந்தது. அரசன் எடுத்துப் பார்த்தான். காம்பில் வாழைநார் முடிச்சு. அண்ணாந்து பார்த்தான். மல்லிகை அத்தனையும் பழுத்துப்போய், நாரில் தொங்கிக்கொண்டிருந்தது.

“கஸ்தூரிரங்கா! உன் செடி பூவோடு நாரையும் சேர்த்துப் பூக்குமா?”

கஸ்தூரிரங்கன் காலில் விழுந்தான். “நிழலில் ஒரு மொட்டுகூட வரவில்லை மகாராஜா. வெளியே பறித்து, விடியுமுன் கட்டினேன்.”

அரசி விழுந்து விழுந்து சிரித்தாள். அரசன் அமைச்சரிடம் திரும்பினான். “உமக்கு முன்பே தெரியுமா?”

“நார் தெரிந்தது மகாராஜா. நான் சொன்னால் பொறாமை என்பீர்கள். பூவே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.”

“இனிமேல் இந்த இலைகளுக்குத் தினமும் முகம் கழுவுவது கஸ்தூரிரங்கன் வேலை. அமைச்சருக்கு என் முத்து மாலை. மரம்...” என்று தொடங்கியவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். “ஐயோ, ஆட்டம் முடியவில்லையே! உத்தரவு போடக் கூடாதே! பதினான்கு ஆடுதான் இருக்கிறது. மிச்சம் ஒன்று எங்கே?”

சாத்தப்பர் கையை விரித்தார். உள்ளே ஒரு புளியங்கொட்டை.

“இதை வைத்தால் உங்கள் மூன்று புலியும் அடைபட்டுவிடும். ஆட்டம் முடிந்துவிடும். நீங்கள் எழுந்து மரத்தைப் பற்றி உத்தரவு போடலாம். வைக்கட்டுமா?”

அரசன் பலாவைப் பார்த்தான். அரசியைப் பார்த்தான். காலை நீட்டிச் சாய்ந்துகொண்டான்.

“அவசரம் ஒன்றுமில்லை. கைக்குள்ளேயே இருக்கட்டும்.”

அந்தக் கொட்டையைச் சாத்தப்பர் கடைசிவரை வைக்கவே இல்லை; மரத்தை வெட்டும் உத்தரவும் வரவே இல்லை. அரசன் பொழுது சாய்ந்ததும் வழக்கத்தை மீறி எழுந்துபோனான். குலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் அதே நிழலுக்குத்தான் வந்தான்.