ஏற்பி இல்லாத இடம்

செண்பகவல்லிக்கு நாற்பத்தாறு வயது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துபவர். நான்கு வருடமாகப் பழ ஈக்களோடு மல்லுக்கட்டி ஆராய்ச்சி செய்கிறார். வழிகாட்டி ரஷீதா அவரைவிடப் பத்து வயது இளையவர். அதைப் பற்றி இருவருக்குமே கவலையில்லை.

அன்று செண்பகவல்லி முகம் தொங்கிப்போய் ரஷீதாவின் ஆய்வகத்துக்கு வந்தார்.

“என்னால முடியல மேடம். ஆராய்ச்சிக்குன்னு காலேஜ்ல போட்ட லீவு வெள்ளிக்கிழமையோட முடியுது. ஆராய்ச்சிய விட்டுடறேன்.”

“என்ன ஆச்சுக்கா?”

“செல்லுக்கு மேல இருக்கிற ஏற்பிதானே சேதி கொண்டுவர்ற புரதத்தப் பிடிக்குது? வளர்ற இறக்கைல ஒரு இடத்துல மட்டும் ஏற்பியே இல்லாம பண்ணேன். பிடிக்க ஆளில்லன்னா புரதம் அங்க தங்கக் கூடாதுல்ல? ஆனா அங்கதான் குவிஞ்சு கெடக்கு. நாலு தடவை செஞ்சாச்சு, நாலு தடவையும் இதே கூத்து. ஈ இருக்கிற குப்பிய மாத்தி எடுத்துட்டேன் போல.”

ரஷீதா அவரை ஈக்கள் வளர்க்கும் அறைக்கு அழைத்துப்போனார். அங்கே அலமாரிக் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘மேல்தட்டு ஈக்களைப் புதுக் குப்பிக்கு மாற்றவும்.’

“இதைக் கொஞ்சம் செஞ்சிடுங்கக்கா.”

மனசு சரியில்லாவிட்டாலும் கைக்குப் பழகிய வேலை. செண்பகவல்லி பழைய குப்பிகளைத் தட்டி, ஈக்களைப் புதியவற்றுக்கு மாற்றி, பஞ்சடைத்தார். முடித்ததும் சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

“ஏன் கிழிச்சீங்க?” என்றார் ரஷீதா.

இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல் பார்த்தார் செண்பகவல்லி. “நம்ம லேப் வழக்கம்தானே மேடம். வேலையச் செஞ்சவங்க கிழிச்சிரணும். இல்லன்னா அடுத்து வர்றவங்களும் பார்த்துட்டு மறுபடி மாத்துவாங்க. ஈ பாடு திண்டாட்டமாயிரும்.”

“சரி. சீட்டு மட்டும் ஒட்டிட்டு, வேலையச் செய்ய யாருமே வரலேன்னா?”

“சீட்டு அப்படியே இருக்கும். ஒட்ட ஒட்டச் சேர்ந்துக்கிட்டே…”

செண்பகவல்லி குப்பையில் கிடந்த சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்போ ஏற்பி சேதியக் கேக்கிறதோட விடறதில்ல. கேட்டுட்டு, உள்ள இழுத்து அழிச்சும் போடுது. அது இல்லாத இடத்துல அழிக்க ஆளில்ல.”

ரஷீதா தலையாட்டினார். செண்பகவல்லிக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் பழைய பயம் விடவில்லை.

“எதுக்கும் இன்னொரு தடவை செஞ்சு பார்த்துடவா மேடம்?”

“ஈ நாலு தடவையும் சேதி சொல்லிடுச்சுக்கா. நீங்கதான் இன்னும் அந்தச் சீட்டைக் கிழிக்காம இருக்கீங்க.”